காற்று மெஷினும் காய்ந்த வாயும்

இந்த மெஷினை மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. மேல் தோட்டத்தில் ஒருவருக்கு இப்போது அதே நோய் என்று சொல்லிவிட்டார்கள். போன வாரம் வீட்டுக்கு வந்தார். "எப்படிண்ணே தாங்கினீங்க?" என்று கேட்டார். எனக்கு உட்கார்ந்து பேச வராது. எழுதித் தருகிறேன், கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள் என்றேன்.

மெஷினுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அது வெறும் காற்று. வாய் காய்வதுதான் தொல்லை. அதனால்தான் நான் எல்லாவற்றையும் கோட்டைவிட இருந்தேன்.

மலை மேலே பிரிஞ்சாங் ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் பேக்டரி ஆள். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வேலை. வாடிய கொழுந்தை முறுக்கிப் பிசைகிற உருட்டு மெஷினில் நிற்பேன். பகலில் தூக்கம். பதினைந்து வருஷமாக இதே வழக்கம்.

எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் போகவில்லை. உட்கார்ந்தால் தூங்கினேன். சோற்றில் கை வைத்தபடி தூங்கினேன். சம்பள வரிசையில் நின்றுகொண்டே தூங்கி முன்னால் நின்றவர் முதுகில் முட்டினேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு, பலகைச் சுவர். என் குறட்டை நாலு வீட்டுக்குக் கேட்கும். எல்லாரும் சிரித்தார்கள். நானும் அதை நோய் என்று நினைக்கவில்லை.

என் மனைவி பாக்கியம் சிரிக்கவில்லை. அவள் கொழுந்து பறிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை லீவில் நான் தூங்கும்போது பக்கத்திலேயே இருந்து பார்த்திருக்கிறாள். குறட்டை திடீரென்று நிற்குமாம். மூச்சும் நின்றுவிடுமாம். தோளைப் பிடித்து உலுக்குவாளாம். நான் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி குறட்டை விடுவேனாம். எனக்கு எதுவும் தெரியாது.

ஒரு நாள் விடிகிற நேரம் உருட்டு மெஷின் முன்னால் கண் சொருகிவிட்டது. கை உள்ளே போக இருந்தது. கூட வேலை செய்கிற ஆறுமுகம் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். சட்டை கிழிந்தது. கை தப்பியது.

மேனேஜர் கூப்பிட்டார். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, ஆனாலும் நாங்கள் துரை என்றுதான் சொல்கிறோம். துரை என்னை மெஷினிலிருந்து எடுத்துவிட்டார். அதே இரவு வேலையில் தரை கூட்டச் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில காட்டு. மெஷின்ல நிக்கலாம்னு டாக்டர் கடுதாசி குடுத்தா பழைய வேலை. இல்லாட்டி மெடிக்கல் போர்டு. கூட்டுறதுக்குத் தனியா ஆள் வெச்சிருக்க முடியாது, சன்னாசி."

மெடிக்கல் போர்டு என்றால் உடம்புக்கு முடியாதவன் என்று எழுதி வேலையை விட்டு எடுப்பது. லைன் வீடு என் வேலைக்குக் கொடுத்தது. வேலை போனால் வீடும் போகும்.

தோட்டத்து மருந்துக்காரர், டிரெசர் என்போம், தொண்டையைப் பார்த்துச் சீட்டு எழுதினார். தாப்பா ஆஸ்பத்திரி. அங்கிருந்து ஈப்போ. அங்கிருந்து கோலாலம்பூர். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் செலவு. ஆனால் எங்கே போனாலும் பெஞ்சு. பெஞ்சில் உட்கார்ந்தால் நான் தூங்கிவிடுவேன். ஈப்போவில் பாக்கியம் தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில் என் பேரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அங்கேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி மலை இறங்கினோம், அத்தனை வளைவும்.

அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் பாக்கியம் உட்காரவில்லை. குடையோடு என் எதிரில் நின்றாள். கண் மூடினால் குடைமுனையால் காலில் ஒரு குத்து.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் கேட்டாள், "ஏம்மா, சீக்காளி மனுசனை இப்படிக் குத்துறே?"

"அவரு சீக்கே தூக்கம்தாங்க" என்றாள் பாக்கியம்.

கோலாலம்பூரில் வார்டில் ஐந்து நாள். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலில் உட்காருவேன், எழுந்து நடைக்குப் போவேன், திரும்பி வருவேன். புழுக்கம் வேறு. மலைக்காரனுக்கு அந்தச் சூடு ஆகாது. எதிர்க் கட்டில்காரர் "பஸ்ஸுக்கா நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

இரண்டாம் நாள் தலையிலும் நெஞ்சிலும் பசை தடவி ஒயர்களை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். அதற்கு என்னைக் கெஞ்ச வேண்டியதில்லை. காலையில் டாக்டர் நீளக் காகிதத்தைக் காட்டினார். தமிழ்ப் பெண். சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னார். தூங்கும்போது என் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகிற வழியை மூடிக்கொள்கிறது. மூச்சு நிற்கிறது. மூளை பயந்து தட்டி எழுப்புகிறது. ராத்திரி முழுக்க இதே கதை. நான் தூங்கியதாக நினைத்ததெல்லாம் தூக்கமே இல்லை.

"இதுக்கு மாத்திரை இல்லைங்க. காத்துதான் மருந்து" என்றார்.

மூன்றாம் நாள் மெஷின் வந்தது. சீ-பேப் என்றார்கள். தைக்கிற மெஷின் பெட்டி அளவு. உள்ளே காற்றாடி சுற்றும். ஒரு குழாய். குழாய் முனையில் மூக்கை மட்டும் மூடுகிற ஒரு மூடி. அதைத் தலைக்குப் பின்னால் பட்டையால் இறுக்க வேண்டும். மூக்கு வழியாகப் போகிற காற்று தொண்டையை மூடவிடாமல் விரித்துப் பிடிக்கும். காலிச் சாக்கின் வாயை ஒருவர் விரித்துப் பிடிப்பது மாதிரி.

மறுநாள் காலையில் கண் விழித்ததும் ஜன்னல் தெரிந்தது. எல்லாருக்கும் தினம் தெரிவதுதான். எனக்கு அப்படிப் பளிச்சென்று தெரிந்து பல வருஷம் ஆகியிருந்தது. வாய் கொஞ்சம் காய்ந்திருந்தது. மலாய்க்கார மிஸி, நர்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்போது அந்த மெஷின் இரண்டோ மூன்றோதான் இருந்தன. இரண்டு மாதத்துக்கு இரவல். தூக்கம் முழுவதும் மாட்டியிருக்க முடிந்தால் என்னிடமே இருக்கும், கடிதமும் கிடைக்கும். முடியாவிட்டால் அடுத்த நோயாளிக்குப் போகும். டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. லைனுக்கு மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரைதான் ஜெனரேட்டர் ஓடும். நான் தூங்குவது பகலில். பேக்டரியில்தான் வேலை நாளில் பகலிலும் கரண்ட். துரையிடம் கேட்டேன். பேக்டரி மாடியில் ஒரு மூலையில் படுத்துக்கொள்ளச் சொன்னார். பறித்த கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மாடி அது. காலிச் சாக்கு அடுக்கை ஒதுக்கி ஆறுமுகம் இடம் பண்ணிக் கொடுத்தான். பாக்கியம் வந்து தரையில் கை வைத்துப் பார்த்தாள்.

"கதகதன்னு இருக்கு. வீட்டு ஈரத்துக்கு இது எவ்வளவோ தேவலை" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் நாள் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிட்டேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தபோது தோல் உரிகிற மாதிரி இருந்தது. விழுங்கப் பார்த்தேன். விழுங்க எச்சில் இல்லை. தொண்டையில் உமி அடைத்த மாதிரி. தண்ணீர் குடித்தேன், மாட்டினேன், படுத்தேன். அரை மணியில் மறுபடி. மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாளும் அதே. அதற்கு அடுத்த நாளும்.

கற்கண்டை வாயில் அடக்கிப் பார்த்தேன். கிராம்பு வைத்தேன். இஞ்சித் தண்ணீர் குடித்தேன், அது இன்னும் எரிந்தது. பாக்கியம் உதட்டுக்கு நல்லெண்ணெய் தடவி, பிளாஸ்கில் பார்லித் தண்ணீர் ஊற்றி வைப்பாள். திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிற எங்கள் மகள் லெச்சுமி, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற சின்னத் தெளிப்பான் ஒன்று கொண்டுவந்தாள். "புதுசுப்பா, மருந்து படாதது. வாயில அடிச்சுக்குங்க." அடித்துக்கொண்டேன். பத்து நிமிஷம் நன்றாக இருந்தது.

உதடு வெடித்தது. குரல் போனது. சோறு தொண்டையில் இறங்கவில்லை, ரசம் ஊற்றிக் குடித்தேன். இரவில் விளக்குமாற்றோடு உருட்டு மெஷினைத் தாண்டும்போதெல்லாம் ஆறுமுகம் கையால் சைகை காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்பான். நானும் கையால்தான் பதில் சொல்வேன். பகலில் படுத்தால் எழுவேன். எழுந்தால் நடப்பேன். ஒரு மாதம் இப்படிப் போனது. மெஷினை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டவில்லை. பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றுகிற மாதிரி எண்ணம் வரும்.

மாத முடிவில் கோலாலம்பூர் போனோம். அதே மிஸி. பேசியதெல்லாம் மலாய், தமிழில் எழுதுகிறேன்.

"பாக்சிக், முழுசா மாட்டுறீங்களா?" பாக்சிக் என்றால் மாமா.

"இல்லை. வாய் காயுது."

"எங்கே படுக்கிறீங்க?"

"பேக்டரி மாடியில. கொழுந்து வாட்டுற இடம்."

அவள் கடற்கரைப் பக்கத்துப் பெண். தேயிலை தெரியாது. "வாட்டுறதுன்னா என்ன?"

"பறிச்ச கொழுந்துல ஈரம் இருக்கும். கீழே இருந்து காத்தாடி வெச்சுக் காத்து விடுவோம். மழை நாள்ல சூடான காத்து. ராவும் பகலும் விட்டா ஈரமெல்லாம் போயி, கொழுந்து துவண்டு..."

மிஸி என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"பதினஞ்சு வருசம் பேக்டரி ஆளு" என்றாள் பாக்கியம் தமிழில்.

"நீயும்தானே கதகதன்னு இருக்குன்னே."

"நான் பறிக்கிறவ. வாட்டுறது நீங்க."

மிஸிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வாயைப் பொத்திச் சிரித்தாள். அப்புறம் விளக்கினாள். மெஷின் காற்றுக்கு ஈரம் கிடையாது. அறைக் காற்றைத்தான் இழுத்து உள்ளே தள்ளும். அறை காய்ந்திருந்தால் வாயும் காயும். அது ஒன்று. மூக்கடைப்பு இருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மூக்கில் போகிற காற்று வாய் வழியாக வெளியே ஓடி, இருக்கிற எச்சிலையும் கொண்டுபோய்விடும். அதனால் படுக்குமுன் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். வாய் திறக்காமல் இருக்க நாடிக்குக் கீழே துணி கொடுத்து உச்சந்தலையில் கட்ட வேண்டும். வெள்ளை பாண்டேஜ் சுருள் ஒன்று கொடுத்தாள். தன் தலையிலேயே கட்டிக் காட்டினாள்.

பாக்கியம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

இடத்தை மாற்றினேன். உருட்டிய கொழுந்தை நிறம் மாறுவதற்காக விரித்து வைக்கிற அறை பேக்டரியில் உண்டு. அங்கே காற்று காயக் கூடாது. தரையில் தண்ணீர் விட்டு, ஈரத் துணி தொங்கவிடுவோம். பகலில் காலியாக இருக்கும். கணக்கு எழுதுகிற கிராணியிடம் கேட்டேன்.

"அங்க படுத்தா தூள்ல உன் எச்சில் வாடை அடிக்கும். பக்கத்துச் சாமான் ரூம்ல படுலா" என்றார்.

அந்த அறைக்கும் அதே ஈரம்தான். நாலு சாக்கை நனைத்து நானும் தொங்கவிட்டேன்.

பாக்கியம் அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். நான் மூக்கைக் கழுவினேன். மிஸி காட்டியபடி நாடியைச் சேர்த்து உச்சியில் முடிச்சுப் போட்டேன். அளவு சரியா பார்ப்போம் என்று மல்லாந்து படுத்தேன். குளிருக்கு வெள்ளைப் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக் காலைச் சேர்த்துக்கொண்டேன். மெஷினைப் போடுவதற்குள் கண் அசந்துவிட்டது.

அந்த அறைக்குப் பின்னால்தான் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. மத்தியானம் நிறுவைக்கு வந்த பாக்கியம் எனக்குச் சோறு கொண்டுவந்திருக்கிறாள். கதவைத் திறந்திருக்கிறாள். வெள்ளைப் போர்வை, சேர்த்து வைத்த கால், நாடிக்கட்டு. மூச்சும் அந்த நேரம் பார்த்து நின்றிருக்கிறது.

"ஐயோ, எஞ்சாமி!" என்று அவள் போட்ட சத்தத்தில் கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். நான் கண் திறந்தபோது ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி "ஆறு மணிக்குக்கூடத் தெம்பா நடந்து போனாரே" என்று ராகம் எடுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தேன். ராகம் பாதியில் நின்றது. இரண்டு பேர் வெளியே ஓடினார்கள்.

கிராணி எட்டிப் பார்த்தார். "செத்தவரு எழுந்தாச்சில்ல? வந்து கொழுந்தை நிறுங்க."

சாயங்காலத்துக்குள் கம்போங் ராஜா ஊர் வரைக்கும் செய்தி போய்விட்டது. ஆறுமுகம் இரவில் கேட்டான், "அண்ணே, பாடைக்கு மூங்கில் வெட்டிட்டோம். என்ன பண்ணட்டும்?"

பாக்கியம் சிரிக்கவில்லை. பாண்டேஜை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"எங்கப்பாவுக்கு நாடி கட்டினது நான். வீட்டுல வேற ஆளில்ல. அந்த முடிச்சு என் கைக்குத் தெரியும். அதை உங்களுக்குப் போட்டுக்கிட்டு நீங்க படுத்துத் தூங்குவீங்க, நான் சோறு கொண்டாந்து குடுக்கணுமா?"

"ஆஸ்பத்திரியில மிஸிதான்..."

"அவங்களுக்கு அது துணி."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. கட்டாமலே மெஷினை மாட்டிப் படுத்தேன். ஈர அறையில் முன்னைவிடத் தேவலை. மூன்று மணி நேரம் தாங்கியது. பிறகு வாய் திறந்துகொள்ளும், காற்று ஓடும், எழுந்துவிடுவேன். மூன்று மணி நேரத்துக்குக் கடிதம் கிடைக்காது. இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை. பேக்டரி ஓடாது, கரண்ட் இல்லை, அதனால் காற்று மெஷினும் கிடையாது. வீட்டில் படுத்திருந்தேன். பாக்கியம் உலுக்கி எழுப்பினாள். வழக்கத்தைவிட நேரமாகியும் மூச்சு வரவில்லையாம்.

கொஞ்ச நேரம் என் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு எழுந்து போய்த் துணிப்பெட்டியைத் திறந்தாள். அவளுடைய மஞ்சள் பூப்போட்ட ரவிக்கை ஒன்றை எடுத்துக் கத்தரித்தாள். என் நாடியில் வைத்து அளந்தாள். உள்ளே பழைய பனியன் துணி கொடுத்துத் தைத்தாள். நாடியை ஏந்துகிற மாதிரி ஒரு பட்டை. உச்சியில் சேரவில்லை, காதுக்கு மேலே பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. முடிச்சு இல்லை. என் பழைய சட்டையிலிருந்து இரண்டு பொத்தான் அறுத்து வைத்தாள்.

"முடிச்சு போட மாட்டேன். வெள்ளையும் கூடாது. மல்லாந்து படுக்கக் கூடாது. ரெண்டு காலுக்கு நடுவுல தலகாணி வெச்சிருக்கணும், கட்டை விரல் சேரக் கூடாது" என்றாள்.

எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

மறுநாள் காலை பறிக்கப் போகுமுன் பேக்டரிக்கு வந்தாள். அவளே மாட்டினாள். மூடியைச் சரிபண்ணினாள். மெஷினைப் போட்டாள். போகாமல் நின்றாள். பறிக்கிறவர்களை வேலைக்கு விரட்டுகிற மண்டோர் வெளியே கத்திக்கொண்டிருந்தார்.

"போ" என்று கையைக் காட்டினேன்.

மூன்று மணிக்குக் கடைசி நிறுவைச் சத்தத்தில் எழுந்தேன். ஏழு மணி நேரம். வாயில் எச்சில் இருந்தது. விழுங்கினேன். மறுபடியும் விழுங்கினேன். தலையணை ஓரம் நனைந்திருந்தது.

இரண்டாம் மாத முடிவில் வார்டில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். பட்டையும் கூட வந்தது. மிஸி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே கடிதம் எழுதினார். பாக்கியம் அதை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் என்னைப் பிடிக்க விடவில்லை. துரை படித்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்த வாரம் உருட்டு மெஷினுக்குப் போனேன். வீடு இருக்கிறது.

மேல் தோட்டத்துக்காரருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். முதலில் மூக்கைக் கழுவுங்கள். அடுப்புப் பக்கம் படுக்காதீர்கள், சூடாக இருக்கிற இடம் நல்ல இடம் என்று நினைக்காதீர்கள். வாய் திறக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், நமக்கே தெரியாது. நாடிக்குப் பட்டை வேண்டுமென்றால் வாருங்கள். பாக்கியம் தைத்துத் தருவாள். துணி மட்டும் கொண்டுவாருங்கள், பூப்போட்டது.

காலையில் பொத்தானை நானே போட்டுக்கொள்ளலாம். கழற்ற மட்டும் கூடாது. அது அவள் வேலை. நிறுவைக்கு வந்ததும் கூடையை இறக்கிவிட்டு நேராக உள்ளே வருவாள். மெஷினை நிறுத்துவாள். பொத்தானைக் கழற்றுவாள்.

"பேசுங்க" என்பாள்.

"என்ன பேச?" என்பேன்.

"போதும்" என்று சொல்லிவிட்டுக் கொழுந்து நிறுக்கப் போவாள்.